பல்கலைக்கழகக் கணினிச் சேவை: செலவை எங்கே போடுவது, யாரிடம் மீட்பது?

சேவர் வாங்கக் காசு கிடைத்துவிடும். ஆறாவது வருடமும் அதை ஓடவைக்கத்தான் கிடைக்காது. பேராதனையோ, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவோ, ஹட்டன் பக்கத்துச் சிறிய கற்கை நிலையமோ, எங்கும் இதே கதை. 2017இல் தொடங்கிய, உயர்கல்விக்கான உலக வங்கியின் ஏஹெட் போன்ற திட்டங்கள் வரும்போது பெட்டி பெட்டியாக இறங்கும். திட்டம் முடிகிற கையோடு உத்தரவாதக் காலமும் முடியும். பிறகு யூ.பி.எஸ். பற்றரி மாற்றவோ, செத்துப்போன டிஸ்க் ஒன்றுக்குப் பதில் வாங்கவோ கோப்பு மேலே போனால், நிதியாளர் அலுவலகத்திலிருந்து ஒரே கேள்விதான் திரும்பி வரும்: “இதை எந்த வோட்டில போடுறது, சேர்?” வோட்டு என்பது வரவு செலவுத் திட்டத்தில் அந்தச் செலவுக்கான ஒதுக்கீட்டுத் தலைப்பு.

அந்தக் கேள்விக்கான பதிலைச் சேவர் வாங்குவதற்கு முன்பே எழுதிவைக்கும் வேலையைத்தான் இங்கே செலவு மீட்பு என்கிறோம். கணினி நிலையப் பொறுப்பாளரும் கணக்குப் பகுதியில் அந்தக் கோப்பைப் பார்ப்பவரும் ஒரு மேசையில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது. ஒருவர் மட்டும் செய்தால் மற்றவர் மறித்துவிடுவார்.

யாரிடம் கேட்கலாம்

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்வி இலவசம். ஆகவே வைஃபைக்கு இவ்வளவு, மின்னஞ்சலுக்கு இவ்வளவு என்று அவர்களிடம் வாங்கும் யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். திறைசேரிப் பணத்தில் ஓடும் துறைகளிடமும் உண்மையான காசு கேட்பதில் பயன் இல்லை. ஒரே ஒதுக்கீட்டிலிருந்து வந்த பணத்தை ஒரு துறையில் கழித்து இன்னொரு துறையில் சேர்ப்பீர்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு சதமும் கூடுதலாக வராது; இரண்டு இலிகிதர்களின் நேரம் மட்டும் போகும்.

உண்மையில் காசு தரக்கூடியவர்கள் நான்கு வகை: கட்டணம் அறவிடும் பட்டப்பின் படிப்புகளும் டிப்ளோமாக்களும், வெளிவாரிப் பட்டப்படிப்புகள், ஆராய்ச்சி மானியங்கள், ஆலோசனைப் பணியும் வெளியாருக்கு ஆய்வுகூடம் வாடகைக்கு விடுவதும். இவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கிறது, செலவு காட்ட வேண்டிய தேவையும் இருக்கிறது. வளாகத்துக்குள் இருக்கும் வங்கிக் கிளைக்கோ கன்டீன்காரருக்கோ லேர்ன் இணைப்பைப் பகிர்ந்து காசு பார்க்கப் போகாதீர்கள். அது கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான வலையமைப்பு. அவர்கள் தங்கள் வர்த்தக இணைப்பை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் வாங்கக்கூடியது குழாய்ப்பாதைக்கும் கம்பத்துக்குமான வாடகை மட்டும்.

எதற்குக் கட்டணம், எதற்கு இல்லை

ஒவ்வொரு சேவையையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: பாவிப்பவர் குறைத்துப் பாவித்தால் நமக்குச் செலவு குறையுமா? குறையும் என்றால் கட்டணம் போடலாம். இல்லை என்றால் போட்டால் கெடுதிதான்.

வலையமைப்புத் துளை நல்ல உதாரணம். கணினிக் கம்பிகளைச் செருகும் 48 துளை உள்ள சுவிட்சில் 30 பாவித்தாலும் 45 பாவித்தாலும் சுவிட்சின் விலை ஒன்றுதான். துளைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வைத்துப் பாருங்கள். துறைக்காரர் கண்டியில் போய் நாலைந்தாயிரம் ரூபாவுக்கு எட்டுத் துளைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஒரு துளையில் எட்டுக் கணினி மாட்டுவார். இரண்டு கிழமையில் யாரோ அந்தப் பெட்டியின் இரண்டு துளைகளை ஒரே கம்பியால் இணைத்துவிடுவார். மாடி முழுக்க வலையமைப்பு படுத்துவிடும். வீட்டு றவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் இன்னும் மோசம்: அதுவே ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கி, பக்கத்து அறைகளின் இணையம் காரணம் தெரியாமல் போகும். மீட்ட கட்டணத்தைவிட அதைத் தேடிப் பிடிக்க அலைந்த நாட்களின் சம்பளம் கூட.

ஆகவே வலையமைப்பு, வைஃபை, மின்னஞ்சல், மூடில் என்ற கற்றல் தளம், பாதுகாப்பு, காப்புப் பிரதி ஆகியவை பொதுச் செலவு. இதற்கு மத்திய ஒதுக்கீட்டில் ஒரு தொகை. தலைக்கு எவ்வளவு என்று வகுத்து, பீடம் பீடமாக வருடத்துக்கு ஒரு தடவை காட்டுச் சிட்டை அனுப்புங்கள். காசு கேட்காத சிட்டைதான்; ஆனாலும் தன் பீடத்துக்கு எவ்வளவு போகிறது என்று பீடாதிபதி தெரிந்துகொண்டால், நிதிக்குழுவில் உங்கள் கோரிக்கை வரும்போது எதிர்ப்பு பாதியாகக் குறையும். கட்டணம் வைக்க வேண்டியவை மெய்நிகர் சேவர் (ஒரு சேவருக்குள் மென்பொருளால் பிரித்துக் கொடுக்கும் பங்கு), பெரிய சேமிப்பு, அச்சு, ஒரு துறைக்கு மட்டும் வேண்டிய லைசன்ஸ், மணிக்கணக்கில் ஆள் செலவாகும் வேலை. அவ்வளவே. பட்டியலை இதற்கு மேல் நீட்டினால் கணக்கு எழுதும் செலவு வரவைத் தின்றுவிடும்.

ஒரு மெய்நிகர் சேவரின் விலை

இதை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் விலைமனுவில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

512 ஜிபி ராம் உள்ள சேவர் மூன்று, ஒன்று 45 இலட்சம்: 135 இலட்சம். பொதுச் சேமிப்பகம் 60 இலட்சம். சுவிட்ச் இரண்டு 15 இலட்சம். யூ.பி.எஸ்.ஸில் இதன் பங்கு 15 இலட்சம். மொத்தம் 225 இலட்சம் ரூபா. ஆயுள் ஐந்து வருடம் என்றால் வருடத்துக்கு 45 இலட்சம்.

மின்சாரம்: சேவர் ஒன்றுக்குச் சராசரி 400 வாட், சேமிப்பகம் 500, சுவிட்ச் இரண்டும் 300. கூட்டினால் 2 கிலோவாட். குளிரூட்டலுக்கும் யூ.பி.எஸ். இழப்புக்கும் 1.6ஆல் பெருக்கினால் 3.2. வருடத்தில் 8,760 மணித்தியாலம். ஆக 28,032 அலகு. அலகு 35 ரூபா என்று வைத்தால் 9 இலட்சத்து 81 ஆயிரம், 9.8 இலட்சம் என்று எடுப்போம். பராமரிப்பு ஒப்பந்தம் 12 இலட்சம், காப்புப் பிரதி மென்பொருள் 5.2 இலட்சம், ஆள் நேரம் 18 இலட்சம். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90 இலட்சம்.

இனி எதால் வகுப்பது? பெரும்பாலான இடங்களில் கணக்கு கவிழ்வது இங்கேதான். மூன்று சேவரிலும் சேர்த்து 1,536 ஜிபி ராம் இருக்கிறது. அதால் வகுத்தால் ஜிபி ஒன்று 5,859 ரூபா. மலிவு, எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் ஒரு சேவர் படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்க வேண்டும் என்பதால் விற்கக்கூடியது 1,024 மட்டும். மெய்நிகராக்க மென்பொருளுக்குப் பத்து வீதம் விட்டால் சுமார் 920. அதிலும் எப்போதும் முழுதாக நிரம்பியிருக்காது. எழுபது வீதம் நிரம்பினால் நல்ல வருடம். அதாவது 640 ஜிபி. 90 இலட்சத்தை 640ஆல் வகுத்தால் ஜிபிக்கு வருடம் 14,062 ரூபா 50 சதம். 8 ஜிபி எடுக்கும் ஒரு படிப்பு வருடம் 112,500 ரூபா கட்ட வேண்டும்.

5,859 என்று விலை வைத்திருந்தால் 640 ஜிபிக்கு வருவது 37 இலட்சத்து 50 ஆயிரம். மிச்சம் 52 இலட்சத்து 50 ஆயிரம் பள்ளம். அந்தப் பள்ளம் முதல் மூன்று வருடமும் யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் மின்கட்டணமும் சம்பளமும் வேறு வோட்டில் போய்க்கொண்டிருக்கும். ஐந்தாம் வருடம் புதிதாக வாங்கப் போகும்போதுதான் தெரியும்.

ஆள் நேரம் 18 இலட்சத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிரந்தர ஊழியரின் சம்பளத்தைத் திறைசேரி ஏற்கெனவே தருகிறது. அதை ஆராய்ச்சி மானியத்திலும் அறவிட்டால், ஒரே சம்பளத்துக்கு இரண்டு தடவை பணமா என்று கணக்காய்வு கேட்கும். நியாயமான கேள்விதான். ஆகவே இரண்டு விலை வையுங்கள்: மானியங்களுக்குச் சம்பளம் நீக்கி 72 இலட்சத்தை 640ஆல் வகுத்து 11,250, கட்டணப் படிப்புக்கும் வெளியாருக்கும் முழு விலை. இரண்டும் பேரவை ஏற்ற ஒரே விலைப்பட்டியலில், திகதியோடு இருக்க வேண்டும். ஆள் பார்த்து விலை சொன்னால் ஒரு விலையும் நிற்காது.

இன்னொன்று, 45 இலட்சத்துக்குப் பெறுமானத் தேய்வு என்று பெயரிட வேண்டாம். அன்பளிப்பாக வந்த சேவருக்கு என்ன தேய்வு என்று கேட்பார்கள். “மாற்றீட்டு நிதிக்கான பங்களிப்பு” என்று எழுதி, எந்தப் பொருள் எந்த வருடம் மாற்றப்படும் என்ற பட்டியலை இணையுங்கள். பெயரில்லாமல் கிடக்கும் மிச்சப் பணம் வேறு தேவைக்குப் போவது நிச்சயம். பட்டியல் இணைந்த பணத்தில் கைவைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

டொலர்

வாங்கிய விலையைப் பிடித்துக்கொண்டு சேமித்தால் போதாது. 10,000 டொலர் சேவர் ஒன்றை 2019இல், டொலர் 180 ரூபா அளவில் இருந்தபோது, 18 இலட்சத்துக்கு வாங்கியிருப்பீர்கள். ஐந்து வருடம் ஒழுங்காகச் சேர்த்தால் கையில் 18 இலட்சம். அதே 10,000 டொலர் சேவர் இப்போது 300 ரூபாக் கணக்கில் 30 இலட்சம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் விலைப்பட்டியல்களில் மட்டும் அந்த நினைவு காணோம். இறக்குமதிப் பொருளும் லைசன்ஸும் டொலரிலேயே எழுதப்பட்டு, பக்கத்தில் கணக்கிட்ட நாளின் மாற்று விகிதமும் இருக்கட்டும். விகிதம் பத்து வீதத்துக்கு மேல் அசைந்தால் விலைப்பட்டியல் மீள்பார்வைக்கு வரும் என்று ஒரு வரி சேருங்கள். பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 வீதமானது. விலைமனுவில் வரி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் மலிவானது விலையுயர்ந்ததாக மாறிவிடும்.

இலவசம் என்பதையும் நம்பிக்கொண்டு இருக்க முடியாது. கூகிள் கல்விக் கணக்குகளில் எல்லையில்லாச் சேமிப்பு 2022 ஜூலையோடு போய், நிறுவனம் முழுவதற்கும் 100 டிபி என்று ஆனது. 2023 நவம்பரில் மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வெயாரை பிரோட்கொம் நிறுவனம் வாங்கிய பின் நிரந்தர லைசன்ஸ் விற்பனை நின்றது, வருடச் சந்தாதான். புரொக்ஸ்மொக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாறலாம், லைசன்ஸ் செலவு குறையும். அந்தக் குறைவில் ஒரு பங்கை ஆள் பயிற்சிக்கு ஒதுக்காவிட்டால் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த சேவராக அது முடியும். அவர் வெளிநாடு போனால் முடிந்தது கதை.

அச்சு

சுருக்கமாகச் சொல்லலாம். டோனர் பெட்டியில் 6,000 பக்கம் என்று போட்டிருப்பது தாளில் ஐந்து வீதம் மை படும் கணக்கு. மாணவர் அச்சிடுவதில் படமும் அட்டவணையுமாக எட்டு வீதம் வரும். ஆகவே 3,750 பக்கம்தான். டோனர் 24,000 ரூபா என்றால் பக்கத்துக்கு 6.40. 500 தாள் கட்டு 1,500 என்றால் தாள் 3.00. டிரம், பியூசர் ஆகிய அச்சியந்திரப் பாகங்களுக்கு 60 சதம். கூட்டினால் 10 ரூபா. வீணாகும் தாளுக்கு எட்டு வீதம் சேர்த்து 10.80. பதினொரு ரூபா வையுங்கள். மழை மாதங்களில் தாள் ஈரம் இழுத்துச் சுருண்டு சிக்குவது மலைநாட்டில் சாதாரணம். கட்டைப் பிரித்து வெளியே வைக்காதீர்கள், இல்லாவிட்டால் எட்டு வீதம் பதினைந்தாகும்.

மலையில் கூடுதலாக வரும் செலவு

கொழும்பில் எழுதிய பராமரிப்பு ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துப் பதுளையில் கையெழுத்திட வேண்டாம். “நான்கு மணித்தியாலத்தில் ஆள் வருவார்” என்ற வரி மேல்மாகாணத்துக்கு எழுதியது. இங்கே கேட்க வேண்டியவை: பொறியியலாளரின் பயணச் செலவு யாருடையது, பாதை மூடினால் என்ன, உதிரிப்பாகம் எங்கே வைக்கப்படும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்து வீதிகள் மூடியதைப் பார்த்த பின் நான்கு மணித்தியாலத்துக்குக் காசு கொடுப்பது வீண். அடுத்த வேலைநாள் ஒப்பந்தத்தை எடுத்து, மிஞ்சும் பணத்தில் இருபது சுவிட்சுக்கு ஒன்று, டிஸ்க் வகைக்கு இரண்டு என்று வளாகத்திலேயே உதிரி வைத்திருங்கள். சேமிப்பின் இரண்டாம் பிரதியும் அதே சரிவில் உள்ள கட்டடத்தில் இருக்கக் கூடாது.

இடி மின்னல் அடுத்தது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிக்கும். கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கம்பி தொங்கினால் வருடா வருடம் சுவிட்ச் துளைகள் கருகும். மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான பைபர் போட ஒரு தடவை கூடுதலாகச் செலவாகும். கருகிய சுவிட்ச்களின் பட்டியலைத் திகதியோடு மூன்று வருடம் வைத்திருந்தால் மூலதன ஒதுக்கீடு கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தொங்கும் கம்பியில் குரங்குகளும் வேலை காட்டும் என்பதைப் பேராதனைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பற்றரியில் மட்டும் குளிர் நமக்கு உதவி. மூடிய ஈய அமில பற்றரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுளில் பாதியை இழக்கும். நுவரெலியாவில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அடிக்கடி அடிமட்டம் வரை வடிந்தால் எந்தக் குளிரிலும் சாகும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது புத்தம் புதிய பற்றரிகளும் அப்படித்தான் போயின. நான்கு வருடத்துக்கு ஒரு மாற்றம் என்று கணக்கில் போடுங்கள். மின்பிறப்பாக்கி இருந்தால் 30 கேவிஏ இயந்திரம் முக்கால் சுமையில் மணிக்குச் சுமார் 6 லீற்றர் டீசல் குடிக்கும். அந்த வரியும் சேவர் விலைக்குள் வர வேண்டும்.

காலம் பார்த்துக் கேட்பது

நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர். அடுத்த வருட மதிப்பீட்டை வருட நடுப்பகுதியில் கேட்பார்கள். அப்போது உங்களிடம் விலைமனு கையில் இருக்க வேண்டும், ஊகம் போதாது. மீண்டெழும் செலவினமும் மூலதனச் செலவினமும் கலந்துவிடக் கூடாது: வருடச் சந்தா, பராமரிப்பு, பற்றரி முதலாவதில், சேவர், பைபர் இரண்டாவதில். விஎம்வெயார் போன்றவை சந்தாவாக மாறியதில் ஒரு சிக்கல் இதுதான்: முன்பு மூலதனத்தில் வாங்கியது இப்போது மீண்டெழும் வோட்டைத் தின்கிறது, அந்த வோட்டோ கூடவில்லை. மாற்றத்தைக் கணக்குப் பகுதிக்கு முதலே எழுத்தில் சொல்லுங்கள்.

தேர்தல் வருடத்துக்கு அடுத்த வருடம் மூலதனப் பணம் பிந்தும். 2025க்கான வரவு செலவுத் திட்டமே 2025 பெப்ரவரியில்தான் வந்தது. அதுவரை இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடியது. மார்ச்சில் முடியும் லைசன்ஸை இப்படிப்பட்ட வருடத்தில் வைத்துக்கொண்டு இருப்பது ஆபத்து. புதுப்பிக்கும் திகதிகளை ஜூலைக்குத் தள்ளிவையுங்கள், ஒரு தடவை பதினைந்து மாதத்துக்குக் கட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை.

கட்டணப் படிப்புகளிடம் அறவிடும்போது மாதாமாதம் சிட்டை வேண்டாம். பிள்ளைகளின் கட்டணம் வந்ததும், தவணைத் தொடக்கத்தில் ஒரு தடவை, உள்ளகப் பதிவு ஒன்றால் மாற்றிக்கொள்ளுங்கள். தவணை முடிவில் கேட்டால் விரிவுரையாளர் கொடுப்பனவெல்லாம் போய்க் கணக்கில் சொச்சம்தான் இருக்கும்.

ஆராய்ச்சி மானியத்தில் விண்ணப்பத்திலேயே வரி இல்லாவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆராய்ச்சியாளர் “10 டிபி வேண்டும்” என்பார். மூன்று பிரதி, வட்டுச் சிதைவுக்கு எதிரான உபரி 1.3 மடங்கு, ஆக வாங்க வேண்டியது 39 டிபி. திட்டம் மூன்று வருடம், தரவு வைத்திருக்க வேண்டியது எட்டு வருடம் என்றால் எட்டு வருடத்துக்கான தொகையையும் முதல் மூன்று வருடத்துக்குள் வாங்கிவிட வேண்டும். விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு அரைப் பக்க வாசகம் ஒன்றைத் தயாரித்து ஆராய்ச்சி அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். கேட்டால் தருவோம் என்று இருந்தால் கேட்க மாட்டார்கள்.

சிட்டையில் வராத செலவு

2020இல் வளாகங்கள் மூடியபோது லேர்ன் ஊடாகப் பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் கிடைத்தது; தொலைபேசி நிறுவனங்களும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கு டேட்டா அறவிடாமல் விட்டன. அந்தச் சலுகையைக் கணக்கில் வைத்து இன்றும் பாடம் போடுகிறவர்கள் உண்டு. ஒரு மணி வீடியோ 800 எம்பியைத் தாண்டினால், பொகவந்தலாவையில் லயன் வீட்டு வாசலில் சிக்னல் தேடி நிற்கும் பிள்ளை அதை ரீலோட் போட்டுத்தான் பார்க்கிறது. நமது சேவரில் மிச்சம் பிடித்த எதையும்விடப் பெரிய தொகை அது, நூற்றைம்பது பிள்ளைகளால் பெருக்கிப் பார்த்தால். 64 கேபிபிஎஸ்ஸில் பதிந்த ஒலி ஒரு மணிக்கு 28.8 எம்பி. மூடிலில் வீடியோ இணைப்புக்குக் கீழே அதே பாடத்தின் ஒலியும் ஸ்லைட் கோப்பும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவை எம்பியில் எழுதுங்கள், எதைத் தரவிறக்குவது என்று பிள்ளை தீர்மானிக்கும்.